கடனைத் தள்ளுபடி செய்த காதல்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டுவிடுவோம். காதல் கதை படிக்கும்போதுகூட!

2008 ஆகஸ்ட் 2. அமெரிக்காவில் நள்ளிரவு 12 மணிக்குப் புத்தகக் கடை வாசல்களில் பெண்கள் கூட்டம். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசையில் நாலாவது, கடைசிப் புத்தகமான 'பிரேக்கிங் டான்' வெளியான ராத்திரி அது. அங்கே முதல் நாள் விற்பனை மட்டும் 13 லட்சம் பிரதிகள். ஆனால், சில நாட்களிலேயே வாசகிகளில் ஒரு பகுதி கொதித்துக் கிளம்பியது. படித்து முடித்த புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று பிரசாரமே நடந்தது.

'ஸ்கூல் பொண்ணுங்க படிக்கிற ரத்தக்காட்டேரி லவ் ஸ்டோரி. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நாலையும் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் கேட்டது நியாயமான கேள்வி.

தெரியாதவர்களுக்காகக் கதை. வாஷிங்டன் மாநிலத்தில் மழை ஓயாத சின்ன ஊர் ஃபோர்க்ஸ். அப்பா சார்லி வீட்டில் தங்கிப் படிக்க வருகிறாள் 17 வயசு பெல்லா. கூடப் படிக்கும் எட்வர்ட் ஒரு ரத்தக்காட்டேரி. மனித ரத்தம் குடிப்பதில்லை என்று விரதம் இருக்கும் கல்லன் குடும்பத்துப் பிள்ளை. இன்னொரு பக்கம் அவளை உயிராக நேசிக்கும் ஜேக்கப், ஓநாயாக மாறக்கூடியவன். பெல்லாவுக்கு எட்வர்ட் வேண்டும். அவனைப் போலவே சாகாதவளாக மாறவும் வேண்டும்.

சரி, அதற்கு விலை என்ன?

முதல் மூன்று புத்தகங்களும் அந்த விலைப்பட்டியல்தான். அப்பா, அம்மாவை இனிப் பார்க்க முடியாது. மாறிய புதிதில் வருஷக்கணக்கில் ரத்தவெறி ஆட்டிப் படைக்கும். ஜேக்கப்பின் மனசு உடையும். குழந்தை பிறக்காது. மூன்றாவது புத்தகத்தில் எட்வர்டின் சகோதரி ரோஸலி தன் கதையைச் சொல்லி, எனக்கு யாரும் சாய்ஸ் கொடுக்கவில்லை, உனக்கு இருக்கிறது, யோசி என்கிறாளே... அந்த இடம் கல்லையும் கரைக்கும். இத்தனையும் தெரிந்து 'சம்மதம்' என்கிறாள் பெல்லா. இந்த வரிசைக்குக் கனம் கொடுத்ததே அந்தச் சம்மதம்தான்.

கடைசிப் புத்தகத்தில் பில் வருகிறது. என்ன ஆகிறது தெரியுமா? ஒவ்வொரு வரியாகத் தள்ளுபடி!

குழந்தை? பெல்லா மனுஷியாக இருக்கும்போதே உண்டாகி, ரெனெஸ்மே பிறந்துவிடுகிறாள். ரத்தவெறி? கண் விழித்த முதல் நாளே அடக்கிவிடுகிறாள். அப்பா? எதையும் துருவிக் கேட்காமல் மகளையும் பேத்தியையும் பார்க்க வந்து போகிறார். வில்லன் கூட்டமான வோல்டூரி படையோடு வருகிறது. உலகம் முழுக்கச் சாட்சிகளைத் திரட்டுகிறார்கள், பனியில் எதிரெதிரே நிற்கிறார்கள், பேசுகிறார்கள், கிளம்பிப் போகிறார்கள். தப்பாகப் புகார் சொன்ன இரினா மட்டும் பலி. கல்லன் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

2012-ல் படம் எடுத்தவர்களுக்கே இது பொறுக்கவில்லை போல. பெரிய சண்டை வைத்து, வேண்டியவர்கள் தலையையே உருட்டிவிட்டு, கடைசியில் 'இதெல்லாம் ஆலிஸ் முன்கூட்டிக் கண்ட காட்சி' என்று முடித்தார்கள். கனவிலாவது கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது!

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஜேக்கப் விவகாரம். பெல்லாவை இழந்தவன், அவளுடைய பச்சைக் குழந்தையைப் பார்த்த நொடியில் ஆயுசுக்கும் கட்டுண்டு போகிறானாம். ஓநாய்க் கூட்டத்தின் விதியாம். அவள் வளரும்வரை அண்ணன் மாதிரிதான் என்று விளக்கம் வேறு. என்னய்யா விளக்கம்? தோற்றவனுக்கு ஆறுதல் பரிசாகத் தொட்டில் குழந்தையா? 'தேர்ந்தெடு, தேர்ந்தெடு' என்று மூன்று புத்தகம் சொல்லிவிட்டு, இங்கே அவனையும் கேட்கவில்லை, குழந்தையையும் கேட்கவில்லை.

'லவ் ஸ்டோரின்னா சந்தோஷமாத்தான் சார் முடியணும்' என்பீர்கள். தாராளமாக முடியட்டும். நான் சண்டை போடுவது சந்தோஷத்தோடு அல்ல, இனாமோடு. படிப்பவர்களில் பலர் பதினாலு, பதினைந்து வயசுப் பெண்கள். காதலுக்காக வீட்டை, படிப்பை, நட்பை விடத் துணிகிற பெண்ணுக்கு வாழ்க்கையில் யாரும் பில்லைக் கிழித்துப் போடுவதில்லை. விலையைச் சொன்ன எழுத்தாளர், அதை வசூலிக்கவும் வேண்டும். அப்போதுதான் கடைசிப் பக்கத்துச் சந்தோஷம் சம்பாதித்த சந்தோஷம்.

ஆனால், இந்தப் பேரேட்டின் வலது பக்கத்தையும் எழுதாவிட்டால் நான் பி.காம். படித்ததே வீண். கர்ப்பத்தில் பெல்லா எலும்பு நொறுங்கிச் சாவின் விளிம்புக்குப் போகும் பகுதியை ஜேக்கப் வாயால் சொல்ல வைத்தாரே மேயர், நாலு புத்தகத்திலும் அதுதான் உச்சம். அங்கே ஒரு பைசா தள்ளுபடி இல்லை. எப்போதும் யாராவது வந்து காப்பாற்ற வேண்டியிருந்த பெண், கடைசியில் தன் மனசையே கவசமாக விரித்து எல்லோரையும் காப்பாற்றுகிறாள். அட்டையில் சிவப்புச் சிப்பாய் பின்னால், வெள்ளை ராணி முன்னால். அந்தச் சதுரங்கக் காய்களுக்கு அப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

அப்புறம், முடிவு. யார் மனசையும் படிக்கத் தெரிந்த எட்வர்டுக்கு முதல் நாளிலிருந்து எட்டாமல் இருந்த ஒரே மனசு பெல்லாவுடையது. கடைசி அத்தியாயத்தில் அவள் சிரமப்பட்டுத் தன் கவசத்தை விலக்கி, 'படித்துக்கொள்' என்று திறந்து காட்டுகிறாள்.

கோபமாகத்தான் இருந்தேன். அந்த இடத்தில் மட்டும் கண் கலங்கியது நிஜம். வேறு யாரும் தள்ளுபடி செய்யாமல், அவளாகவே எடுத்துக் கொடுத்த தொகை அது.

அந்த ஒரு பக்கத்துக்காக நான் புத்தகத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க மாட்டேன். திருப்பிக் கொடுத்த பெண்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். அவர்கள் மூன்று வருஷமாகக் கணக்கு எழுதி வைத்திருந்தவர்கள் சார்!