பள்ளிப் பையோடு நியாயமான விலையும்

கிறிஸ்து பிறப்பு விழா, புதுநன்மை விழா, பிறந்த நாள் என்று எந்த மகிழ்ச்சியான நாளாக இருந்தாலும், குழந்தைகளின் கையில் சாக்லேட் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சாக்லேட்டுக்கு மூலப்பொருளான கோக்கோவை விளைவிக்கும் குடும்பங்களைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. உலகின் கோக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அதைப் பயிரிடுபவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் நிலம் மட்டுமே உள்ள சிறு விவசாயிகள்.

இக்குடும்பங்களில் பெண்களின் உழைப்பு பெரிது. களையெடுப்பது, உடைத்த காய்களிலிருந்து கொட்டைகளை எடுப்பது, அவற்றைப் புளிக்க வைத்து வெயிலில் உலர்த்துவது என்று பல வேலைகளில் அவர்கள் பங்கு உண்டு. ஆனால் நிலம் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும், விற்ற பணத்தைக் கையில் வாங்குவதும் பெரும்பாலும் ஆண்தான்.

கோக்கோ தோட்டங்களில் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை ஒழிக்கப் பாடுபடுவதாகப் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001ம் ஆண்டு அமெரிக்காவில் உறுதியளித்தன. அவற்றை 2020ம் ஆண்டுக்குள் 70 விழுக்காடு குறைப்பது என்று 2010ம் ஆண்டில் இலக்கும் வைக்கப்பட்டது. அதன் பின் பல நிறுவனங்கள் பள்ளிகளைக் கட்டின. பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்கும் உதவின.

இச்சேமிப்புக் குழு முறை, 1991ம் ஆண்டு நைஜரில் 'கேர்' என்ற தொண்டு நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. நம் ஊர் மகளிர் குழுக்களைப் போலவே, பெண்கள் கூடித் தங்கள் சிறு சேமிப்பை ஒரு பெட்டியில் போடுகிறார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டுகள்; மூன்று சாவிகளும் மூன்று பேரிடம். வங்கிக் கடனை எதிர்பாராமல், தங்கள் பணத்திலிருந்தே கடன் கொடுத்து வாங்குகிறார்கள். பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வரும்போது, வட்டிக்காரரிடம் போகாமல் சமாளிக்க இது உதவுகிறது.

2022ம் ஆண்டு நெஸ்லே நிறுவனம் அறிவித்த திட்டம் இன்னொரு படி முன்னே சென்றது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், மரங்களை முறையாகக் கவாத்து செய்தல், நிழல் மரங்கள் நடுதல், வேறு வருமானம் தேடுதல் ஆகியவற்றைச் செய்யும் குடும்பத்துக்கு, முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை ஊக்கத்தொகை. அதில் பாதி கணவருக்கும் பாதி மனைவிக்கும் கைபேசி வழியாகச் செல்கிறது. உழைத்தவளின் பெயரிலேயே பணம் வருவது சிறிய மாற்றம் அல்ல. இதை நாம் மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்க் ஆய்வு மையம் 2020ம் ஆண்டு வெளியிட்ட முடிவுகள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. கோக்கோ விளையும் பகுதிகளின் விவசாயக் குடும்பங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகள், பத்து ஆண்டுகளில் ஐவரி கோஸ்ட்டில் 58 விழுக்காட்டிலிருந்து 80 ஆகவும், கானாவில் 89லிருந்து 96 ஆகவும் உயர்ந்தார்கள். அதே காலத்தில், இரு நாடுகளிலும் கோக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருந்தவர்களின் விகிதமும் 31லிருந்து 45 விழுக்காடாக உயர்ந்தது. சுமார் 15 இலட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள்!

பள்ளியும் பெருகியது, பிள்ளைகளின் வேலையும் பெருகியது. இது எப்படி? காலையில் பள்ளி செல்லும் பிள்ளை, மற்ற நேரத்தில் பெற்றோரின் தோட்டத்தில் கத்தி எடுக்கிறது, சுமை தூக்குகிறது. கூலிக்கு ஆள் வைக்கப் பெற்றோரிடம் பணம் இல்லை. விளைபொருளுக்குக் கிடைக்கும் விலை போதவில்லை.

2024ம் ஆண்டு ஏப்ரலில் உலகச் சந்தையில் கோக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அப்போது ஐவரி கோஸ்ட் அரசு தன் விவசாயிகளுக்கு உயர்த்திக் கொடுத்த விலை கிலோவுக்கு 1,500 பிராங்க், அதாவது டன்னுக்குச் சுமார் 2,500 டாலர். விளைச்சலை முன்கூட்டியே விற்றுவிட்டு, அதை வைத்து அரசு விலையை நிர்ணயிக்கும் முறையே இதற்கு முக்கிய காரணம். விவசாயியைத் தாங்குவதற்காகவே இரு நாடுகளும் 2019ம் ஆண்டு டன்னுக்கு 400 டாலர் கூடுதல் தொகையை அறிவித்திருந்தன. வாங்குபவர்கள் தரத்துக்கான வேறொரு தொகையைக் குறைத்து அதன் பலனை இல்லாமல் செய்துவிட்டார்கள் என்று பின்னர் அவ்வரசுகளே குறை கூறின.

ஒரு கையால் பள்ளிப் பையைக் கொடுத்து, மறு கையால் விலையைக் குறைத்தால், அந்த உதவி எவ்வளவு நாள் நிற்கும்? உதவியைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. சேமிப்புப் பெட்டியும், பள்ளிக்கூடமும், மனைவியின் பெயரில் வரும் பணமும் தேவையானவையே. ஆனால் அவை நியாயமான விலைக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர, அதற்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் கொடை தொடங்குகிறது.

இது தொலைதூர நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் உரிய பாடமா? நம் வயலில் நடவு செய்யும் பெண்ணின் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரும் நாம், அந்தத் தாயின் கூலியை ஆணின் கூலிக்குச் சமமாகக் கொடுக்கிறோமா? அடுத்த முறை சாக்லேட் உறையைப் பிரிக்கும்போது, இக்கேள்வியையும் நம் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வோம்.