எச்சரிக்கை மான்குர்த் குடிசை வரை வர வேண்டும்

1945 நவம்பர் 28. பொழுது விடியுமுன், பலூசிஸ்தானின் பஸ்னி நகருக்கு அருகே, மக்ரான் கடற்பகுதியில் 8.1 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை பம்பாயைத் தாக்கியது. சுமார் 2 மீட்டர் எழுந்த அலைக்கு இந்நகரில் 15 பேர் பலியானதாகப் பதிவுகள் கூறுகின்றன. சுனாமி என்றதும் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் மட்டுமே நினைவுகூரும் மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

அன்று எச்சரிப்பதற்கு நேரம் இருந்தது; எச்சரிக்க எவருமில்லை. 2004 டிசம்பர் 26 அன்றும் அதுவே நிகழ்ந்தது. சுமத்ராவில் எழுந்த அலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பசிபிக் பெருங்கடலுக்கு 1965 முதலே பன்னாட்டு எச்சரிக்கை அமைப்பு இருந்தது. ஏழை நாடுகள் சூழ்ந்த இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. சுமார் 2.3 லட்சம் பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது அலை மட்டுமன்று. அறிவியலின் பயனில் நிலவிய ஏற்றத்தாழ்வும்தான்.

அதன் பின்னரே, 2005இல், யுனெஸ்கோவின் கீழ் இந்தியப் பெருங்கடலுக்கான அமைப்பு உருவானது. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் தேசிய மையம், 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா நாடுகளின் மையங்களுடன் இணைந்து பிராந்தியம் முழுமைக்கும் எச்சரிக்கை வழங்குகிறது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் ஆகிய மூன்றும் இதில் உறுப்பு நாடுகள். 2016, 2018 ஆண்டுகளின் கூட்டு ஒத்திகைகளில் மக்ரான் நிலநடுக்கமும் ஒரு கற்பனை நிகழ்வாக இடம்பெற்றது. பாகிஸ்தான், ஈரான், ஓமன் கரைகளிலுள்ள அளவிகள் தரும் தகவல் மும்பை மீனவரின் உயிரைக் காக்கக்கூடும். அண்டை நாட்டோடு எல்லா உறவையும் துண்டிக்க வேண்டுமென முழங்கும் போர்வெறியர்கள் இவ்வுண்மையை மக்களிடம் சொல்வதில்லை.

ஆனால் நாடுகளுக்கிடையே விரையும் செய்தி, கரையோரக் குடிசையை எட்டாவிடில் பயனேது? மான்குர்தும் டிராம்பேயும் தானே கழிமுகத்தை ஒட்டியவை. உழைக்கும் மக்கள் இந்தத் தாழ்நிலத்துக்கு விரும்பி வந்தவர்களல்லர். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள், தமிழர்கள் உட்பட, டிராம்பேயின் சீட்டா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். 2004-05 குளிர்காலத்தில், தமிழகம் தன் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், மும்பையில் பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. மான்குர்தின் மண்டாலாவும் தப்பவில்லை.

எனவே, பாதுகாப்பு என்ற பெயரில் மீண்டும் வெளியேற்றம் வருமோ என்ற அச்சம் நியாயமானதே. சுனாமிக்குப் பின் சென்னை மீனவர்கள் கடலை விட்டுத் தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டதை மறக்க முடியாது. எச்சரிக்கை என்பது மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே காக்கும் ஏற்பாடாக இருக்க வேண்டும். நிலத்தைப் பறிக்கும் சாக்காக ஆகிவிடக் கூடாது.

இதற்கு முன்மாதிரி நாட்டிலேயே உண்டு. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய சிற்றூர்கள், மக்களே பங்கேற்ற தயாரிப்புகளுக்காக, சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான ஊர்கள் என்ற யுனெஸ்கோ அங்கீகாரத்தை 2020இல் பெற்றன. அதே உரிமையை மான்குர்த் மக்களுக்காகவும் கோர வேண்டும்: மராத்தி, இந்தி, உருது, தமிழ் மொழிகளில் எச்சரிக்கை, ஒலிபெருக்கிகள், மேட்டுக்குச் செல்லும் வழிகளின் வரைபடம், ஆண்டுதோறும் ஒத்திகை, அலையாத்திக் காடுகளின் பாதுகாப்பு. இவற்றை மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் வலியுறுத்துவது வட்டாரக் கிளைகளின் உடனடிக் கடமை. அடுத்த பேரலை வரும் நாளை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது; அதற்கான தயாரிப்பை இன்றே தொடங்க இயலும்.