உண்மையான தீட்டு எது?

பூலாம்பாடியில் ஒரு வீட்டில் பிரசவமானால் அந்த வீடு முழுவதற்கும் தீட்டு வந்துவிட்டதென்கிறார்கள். வீட்டார் கோயிலுக்குப் போகக்கூடாதாம். புரோகிதனுக்குத் தட்சணை கொடுத்துத் தண்ணீர் தெளித்தால்தான் சுத்தமாகுமாம். அதே தாயும் சிசுவும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது நடப்பதை இவர்கள் கவனிப்பதுண்டா?

டாக்டர் கட்டில் கட்டிலாகப் போகிறார். கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பும் துடைக்கப்படாமல் கூடவே போகின்றது. நர்சு புண்ணுக்குக் கட்டுப்போடும்போது செல்போன் மணியடிக்கின்றது. கையுறையோடேயே எடுத்துப் பேசிவிட்டு மறுபடியும் புண்ணைத் தொடுகிறார். அந்தச் செல்போனோ கக்கூசுக்குப் போய் வந்தது, சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. கையையாவது நாளைக்குச் சில தடவை கழுவுகிறார்கள். செல்போனைத் துடைத்தவரை எத்தனை பேர் பார்த்திருக்கின்றோம்? இந்தத் தீட்டைப்பற்றி எந்தச் சாஸ்திரமும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளின் செல்போன்களைச் சோதித்த பல நாட்டாரும், நம் நாட்டு மருத்துவக் கல்லூரிக்காரர்களும் அவற்றில் கிருமிகளைக் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை நம் தோலில் சாதாரணமாய் வசிப்பவை. நல்ல திரேகமுள்ளவனை ஒன்றும் செய்யமாட்டா. இதை மறைத்துப் பயமுறுத்துவது புரோகிதன் வேலையே ஒழிய நம் வேலையல்ல. ஆனால் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டெபிலோகாக்கஸும் அவற்றில் உண்டு. அது காய்ந்த சாமான்மேல் மாதக்கணக்கில் பிழைத்திருக்கக் கூடியது. ஆபரேஷன் காயத்துக்குள்ளோ, மாதம் நிறையாமற் பிறந்த சிசுவிடமோ போனால் உயிருக்கே ஆபத்து. ஜெனீவாவில் சோதித்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, டாக்டரின் விரல் நுனிக்கு அடுத்தபடியாக ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத் தகட்டில்தான் கிருமி அதிகமிருந்தது.

1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் பிரசவ ஜுரத்தால் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணமென்று செம்மல்வைஸ் என்கின்ற டாக்டர் கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆயிருந்த சாவு ஜூனில் சுமார் 2-க்கு இறங்கிற்று. அப்படியிருந்தும், தங்கள் கையே சாவைக் கொண்டுபோயிற்று என்று ஒப்பப் பெரிய டாக்டர்களில் அநேகருக்கு மனம் வரவில்லை. பிறப்பினால் ஒருவன் கை சுத்தம் என்பதும், பட்டத்தினால் சுத்தம் என்பதும் ஒரே ஆணவந்தான். இன்றும் ஆஸ்பத்திரியில் அசுத்தமென்றால் எல்லோருடைய விரலும் கூட்டுகிற அம்மாளைத்தானே காட்டுகின்றது?

நிற்க, மருந்திருக்கப் பயமென்ன என்று சிலர் கேட்கலாம். கடைசி ஆயுதமாய் வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010-ல் வெளியிட்டார்கள். அதற்கு நம்மவர்கள் போட்ட கூச்சலோ, புதுடில்லியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்களே என்பதுதான்!

பரிகாரம் மலிவானது. 100-க்கு 70 பங்கு ஆல்கஹால் நனைத்த துணியால் செல்போனையும் ஸ்டெதாஸ்கோப்பையும் துடைக்கவேண்டும். செல்போனைத் தொட்ட கையைச் சுத்தம் செய்யாமல் நோயாளியைத் தொடக்கூடாது. மணிக்கட்டில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் படித்தவர்கள் அதை அறுத்தெறிய வேண்டும். நனைந்து காய்ந்து அழுக்கேறிய கயிறு கிருமிக்கு நல்ல குடியிருப்பு. பிரிட்டிஷ் அரசாங்கம் 2007-லேயே, முழங்கைக்குக் கீழே கடிகாரமும் நகையுமின்றி நோயாளியைத் தொடவேண்டுமென்று அறிவித்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு சீசா கைமருந்து வைப்பதற்கு நம் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது.

மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போகும் பூலாம்பாடித் தாயார், “அம்மா, கையைத் துடைச்சுட்டுக் குழந்தையைத் தொடுங்க” என்று சொல்லப் பயப்படவேண்டியதில்லை. அது மரியாதைக் குறைவுமல்ல. அதற்காகக் கோபித்துக்கொள்ளும் டாக்டருக்கு அவர் படித்த புத்தகத்தையே காட்டலாம். பார்க்கப் போகும் உறவின் முறையாரும், சிசுவின் மூக்குக்கு நேரே செல்போனை நீட்டிப் படம்பிடிக்கும் வழக்கத்தைக் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.