போரைப் பார்த்துச் சிரித்தால் வீரனுக்கு இழுக்கா?

எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்துவிட்டால் போதும். ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கத்து டீக்கடையிலிருந்து சேலம் இறங்கும் பஸ் வரைக்கும் ஒரே தீர்ப்புதான்: போரைக் கேலி செய்பவன் வீரனைக் கேலி செய்கிறான். பட்டாளம் என்றால் விறைத்து நின்று வணக்கம் வைக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்த நம்பிக்கை தவறு. இதனால் வரும் கெடுதலும் வீரன் தலையில்தான் விடிகிறது.

1970இல் வந்த ‘மாஷ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போர்முனைக்குப் பின்னால் ஒரு கூடார மருத்துவமனை. அங்கே குடித்து, கூத்தடித்து, மேலதிகாரியை மதிக்காமல் திரியும் மருத்துவர்கள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயரிய விருது அதற்குத்தான். இதை எடுத்தவர்கள் யார்? மூலக் கதையை எழுதியவர் கொரியாவில் 8055ஆம் எண் மருத்துவப் பிரிவில் கத்தி பிடித்த அறுவை மருத்துவர். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். போரைச் சிரிக்க இவர்களைவிட உரிமை யாருக்கு உண்டு?

அந்தப் படத்தில் ஒரு காட்சி. அறுவைக் கூடாரத்தில் இறந்துபோன ஒருவனுக்காகப் பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசை மருத்துவர் அவரைக் கூப்பிட்டு, ஒரு கருவியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அவன் போய்விட்டான், இவனுக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. கை இரத்தத்தில் இருக்க, வாய் அரட்டையில் இருக்கிறது. அந்த அரட்டை இல்லையென்றால் அந்தக் கை நடுங்கும். இதிலே வீரனுக்கு என்ன அவமரியாதை? அவனைப் பிழைக்க வைக்கத்தானே அத்தனை பேரும் கண்விழித்து நிற்கிறார்கள்?

விறைப்பான போர்ப் படம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் தூரம் போய்த் தேட வேண்டாம். சேலத்திலிருந்து மலை ஏறும் சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவு நிற்கிறது. 1945இல் அதன் அதிபர் டி.ஆர். சுந்தரம் அங்கே ‘பர்மா ராணி’ என்ற போர்ப் படத்தை எடுத்தார். கச்சா ஃபிலிமுக்குப் பங்கீடு இருந்த காலம். போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லி ஆங்கிலேய அரசு நெருக்கிய காலம். சுந்தரம் பெரிய தொழில்காரர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போரை மெச்சும் படம் யாருக்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள்: போரை நடத்திய அரசுக்கு. பர்மாவில் காயம்பட்டுக் கிடந்த நம் பையனுக்கு அதனால் ஒரு கட்டுத்துணி கூடுதலாகக் கிடைத்திருக்காது.

கொரியாவுக்கு நம்மவரும் போனார்கள். சண்டைக்குப் படை அனுப்ப மறுத்த இந்தியா, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழர். 1950 நவம்பரில் கரையிறங்கிய சில நாட்களிலேயே பியாங்யாங்கிலிருந்து பின்வாங்க உத்தரவு வந்தது. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. போட்டுவிட்டு வரலாம் என்றார்கள், இவர்கள் கேட்கவில்லை. ஒரு பழைய ரயில் இன்ஜினைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டி, எல்லாவற்றையும் தெற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கப் படையோடு இவர்களில் 12 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். கொரியப் பொதுமக்களுக்கும் மருத்துவம் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சுட்டவனை மட்டுமே வீரனாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, காயத்தைத் தைத்தவன் தெரிவதில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்தச் சிரிப்பு வலிக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. ‘மாஷ்’ சறுக்கும் இடமும் அதுவே: தலைமை நர்ஸ் குளிக்கும்போது கூடாரத் துணியைத் தூக்கிவிட்டு ஊரே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் காட்சியை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. அது தன்னைவிட எளியவளை மிதிக்கும் சிரிப்பு. உத்தரவு போட்டு இளைஞர்களைச் சாக அனுப்புகிறவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அதை அந்தத் தாய் ஒருநாளும் தடுக்க மாட்டாள்.

தமிழ்ப் படக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. விடுப்பில் வந்து வில்லனை அடிக்கும் பட்டாளத்துக்காரனை வேண்டிய மட்டும் எடுத்துவிட்டீர்கள். ரங்கராஜின் ஆட்கள் ஓட்டிய அந்த ரயிலை எடுங்கள். இன்ஜின் கிளம்பாமல் மக்கர் செய்வது, கரி பூசிய முகத்தோடு டாக்டர்கள் திட்டிக்கொள்வது எல்லாம் இருக்கட்டும். அரங்கம் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரியே எடுங்கள்.