ஆயிரம் நாள் கணக்கு

2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் ஒரு கெடு வைத்தார். ஆயிரம் நாளில் நாட்டின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கேபிள் போய்ச் சேரும் என்றார். நாள்காட்டியைப் புரட்டி எண்ணினால் அந்தக் கெடு 2023 மே மாதமே முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, அதே வேலைக்காக 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பழைய கணக்கைக் கேட்பதற்குள் புதியதற்குப் பூஜை போட்டாயிற்று.

ஒரு கட்சியை மட்டும் இதில் குறை சொல்லிப் பயனில்லை. 2011 அக்டோபரில் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது மன்மோகன் சிங் அரசு. 2.5 லட்சம் ஊராட்சிகள், 20,000 கோடி ரூபாய், இரண்டே ஆண்டு என்றார்கள். 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் லட்சம் ஊராட்சிகளைத் தொடவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் என்பதை 2015-க்குள் கொண்டுவருவதாக 2012-ன் தொலைத்தொடர்புக் கொள்கை சொன்னது. அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். 2018-ன் கொள்கை இன்னும் தாராளம்: எல்லா ஊராட்சிகளுக்கும் 2020-க்குள் 1 ஜிபிபிஎஸ், 2022-க்குள் 10 ஜிபிபிஎஸ்!

இந்தக் கெடுக்களை நம்பிக் காத்திருக்கும் ஊர்களில் திருத்தணிப் பக்கமும் ஒன்று. அங்குள்ள மக்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. 1953-ல் ஆந்திரத்தோடு போன திருத்தணி, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பு எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. ஒரு மாநில எல்லையை மாற்றி வரையவே ஏழு ஆண்டுதான் ஆயிற்று.

திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே, சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர் கையில் இருக்கும் போனில் சினிமா ஓடலாம். ‘பாருங்கள், டிஜிட்டல் புரட்சி’ என்று அதைக் காட்டித்தான் ஆட்சியாளர்கள் மார்தட்டுகிறார்கள். அதில் அரசின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்த பிறகுதான் டேட்டா விலை சரிந்து, கிராமத்துக் கைகளிலும் இணையம் ஏறியது. நெடுஞ்சாலையோரம் டவர் வைத்தால் லாபம், கம்பெனிகள் வைத்தன. லாபம் இல்லாத இடத்துக்கும் இணையம் போக வேண்டும் என்பதற்காகத்தான் மக்கள் பணத்தில் பாரத்நெட். ஆகவே மதிப்பெண் போட வேண்டிய இடம் நெடுஞ்சாலை அல்ல. அதை விட்டு உள்ளே திரும்பும் ஊர்களின் ஊராட்சி அலுவலகங்கள்.

தமிழ்நாட்டின் கதை தனி. பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் நாம் ஏறவே இல்லை. மாநிலமே பார்த்துக்கொள்ளும் என்று நின்றோம். 2018-ல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் பிறந்தது. டான்பிநெட் என்றால் அதிகாரிகளுக்குச் சட்டென்று புரியும். 2019 டிசம்பரில் விட்ட டெண்டரில், சில நிறுவனங்களுக்குத் தோதாக நிபந்தனைகள் தைக்கப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் சொன்னது. 2020 ஜூனில் டெண்டரை ரத்து செய்யச் சொன்னது மத்திய அரசு. மறுபடி டெண்டர், நடுவில் ஆட்சி மாற்றம். ஒருவழியாக 2022-ல் பணி தொடங்கியது. 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபிபிஎஸ், சுமார் 1,815 கோடி ரூபாய்.

அந்தக் கேபிள் ஊருக்குள் எப்படி வருகிறது? சுமார் 85 சதவிகிதம் மின்கம்பங்கள் வழியாக, மீதி மண்ணுக்கு அடியில். பள்ளம் தோண்டும் செலவு மிச்சம், வேலையும் வேகமாக நடக்கும். ஆனால் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பைக் குவித்து ஏற்றிப்போகும் டிராக்டர் உரசினாலும் போச்சு, கம்பத்தை மாற்றி நட்டாலும் போச்சு. கேபிள் வந்து முடிவது ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ வைத்த ஒரு இரும்பு ரேக்கில். அதில் ஒரு ரவுட்டர், ஒரு யூபிஎஸ். பல மாவட்ட ஆட்சியர்கள் பத்திரிகைக் குறிப்பு வெளியிட வேண்டிவந்தது: கருவிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், கேபிளை அறுத்தால் குற்ற நடவடிக்கை. உள்ளே உலோகமே இல்லை, விற்றால் காசு தேறாது என்று திருடர்களுக்கே விளக்கம் சொன்ன குறிப்புகளும் உண்டு. சிரிப்பு வருகிறது. ஆனால் கோடிகள் கொட்டிய திட்டம் கடைசியில் சுவிட்சை யார் அணைக்கிறார் என்பதில் வந்து நிற்கிறது. அமைச்சர்கள் படிக்கும் கிலோமீட்டர் கணக்கில் அந்த சுவிட்ச் வருவதே இல்லை.

அரசுக்குப் பிடித்த சொல் ‘சேவைக்குத் தயார்’. 2025 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுமார் 2.14 லட்சம் ஊராட்சிகள் தயார் என்றார்கள். ரவுட்டரில் ஒருநாள் விளக்கு எரிந்தாலும் தயார்தான். இன்று எரிகிறதா, எத்தனை வீட்டுக்கு இணைப்பு போனது, வீட்டுவரியை ஆன்லைனில் கட்ட வந்தவர் அலைக்கழியாமல் திரும்பினாரா என்பது அந்தச் சொல்லுக்குள் அடங்காது. மாதாமாதம் வரும் பில்லும் அடங்காது. 2024 டிசம்பரில், அரசுப் பள்ளிகளின் இணையக் கட்டணம் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் பாக்கி என்ற செய்தி வந்தபோது, மத்திய நிதி வரவில்லை என்றது மாநிலம். வகுப்பறையில் இருக்கும் பிள்ளைக்கு அது யாருடைய தவறாக இருந்தால் என்ன?

அக்கம்பக்கமும் நமக்குப் பாடம்தான். திருத்தணியை அடுத்த நகரி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவரை அழைத்து மாநில அரசின் ஃபைபர்நெட்டைத் தொடங்கினார்கள். மாதம் 149 ரூபாய்க்கு இணையம், டி.வி., போன் மூன்றும். ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் வீட்டுக்குள் போனதுதான் அதன் பெருமை. டெண்டர் விவகாரம் பின்னர் சிஐடி வழக்கானது வேறு கதை. கேரளம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றது. 2023 ஜூனில் தன் இணையத் திட்டமான கே-ஃபோனைத் தொடங்கியபோது முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட இலக்கு, தொகுதிக்கு நூறு வீதம் 14,000.

ஆஸ்திரேலியாவும் இதில் தடுக்கி விழுந்த நாடுதான். 2009-ல் பெரும்பாலான வீடுகளுக்குக் கண்ணாடி இழை என்று அறிவித்தது; 2013-ல் வந்த புதிய அரசு பாதி வழியில் பழைய செம்புக் கம்பியோடு சமரசம் செய்துகொண்டது. ஆனால் ஒன்றை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். போட்டி, நுகர்வோர் ஆணையம் தன்னார்வலர்களின் வீடுகளில் சிறு கருவியைப் பொருத்தி, மாலை நேர நெரிசலில் எந்த கம்பெனி எவ்வளவு வேகம் தருகிறது என்று அளந்து, பெயரோடு வெளியிடுகிறது. கேபிள் போட்ட நிறுவனமே தனக்கு மார்க் போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே செல்லுபடியாகாது.

இங்கே அதற்கு ஆணையம் அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் சிமென்ட் சாலை போட்டால் மதிப்பீடு எவ்வளவு, எந்தத் திட்டம் என்று பலகை வைக்கிறார்கள். ரேக் இருக்கும் அறை வாசலிலும் ஒரு பலகை வைக்கலாம்: இணைப்பு வந்த தேதி, இன்றைய வேகம், அறுந்தால் கூப்பிட வேண்டிய எண். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கணக்குப் படிக்கும் அதே கூட்டத்தில் இதையும் கேட்கலாம். போன சபையிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் இணைப்பு இருந்தது, எத்தனை வீடுகள் சந்தா கட்டுகின்றன? பதில் தெரியவில்லை என்று ஊராட்சிச் செயலர் சொன்னால், அந்தப் பதிலையே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கி, நகலைச் சென்னைக்கு அனுப்பிவைக்கலாம்.