படகு டீசலும் எல்லைக்கோடும்: சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது?

மேல்கோட்டை: பங்குனி மாத வைரமுடி சேவைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து திருநாராயணபுரம் வரும் பக்தர்களின் வேன்களுக்கு ஓசூர் வழி நன்கு பழக்கமானது. அந்த வழியாக வரும் டிரைவர்களில் பலர் ஓசூரில் தொட்டியை நிரப்புவதில்லை. எல்லையைக் கடந்து அத்திப்பள்ளி வந்த பிறகுதான் பங்க்கில் வண்டியை நிறுத்துகிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் கர்நாடக அரசு டீசல் மீதான விற்பனை வரியை 18.44 சதவீதத்திலிருந்து 21.17 சதவீதமாக உயர்த்தியது. லிட்டருக்கு 2 ரூபாய் ஏறி, பெங்களூரில் விலை 91 ரூபாய் 2 காசு ஆயிற்று. அப்படி உயர்த்திய பிறகும் ஓசூரில் 94 ரூபாய் 42 காசு, காசர்கோட்டில் 95 ரூபாய் 66 காசு என்று அண்டை மாநில விலைகளைக் காட்டித்தான் கர்நாடக அரசு தன் முடிவுக்கு நியாயம் சொன்னது.

சரக்கில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் முழுவதும் வரியில்தான். சாலையில் இது லிட்டருக்கு மூன்று ரூபாய் சங்கதி. கடலுக்குப் போனால் இதே விஷயம் லட்சக் கணக்கில் வளர்ந்து நிற்கிறது. அதுவும் மங்களூரிலும் மால்பேயிலும் விசைப்படகுகளில் வேலை செய்யும் நம்மவர்களின் கூலியை நேராகத் தொடுகிறது. ஆகவே படகு டீசலுக்கு யார் வரி கட்டுகிறார்கள், யாருக்கு விலக்கு, அந்த விலக்கின் பலன் எங்கே போய் நிற்கிறது என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்பது அவசியம்.

ஏன் இந்த வேறுபாடு?

2017 ஜூலை 1 அன்று சரக்கு-சேவை வரி அமலுக்கு வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. மத்திய அரசு கலால் வரி போடுகிறது. அதன் மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விற்பனை வரி போடுகிறது. தமிழ்நாடு 2020 மே மாதத்தில் டீசலுக்கு 11 சதவீதமும் அதன் மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று வகுத்தது. கர்நாடகம் சதவீதக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய சரக்கு-சேவை வரி மன்றத்தில், கேரள உயர்நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி இந்தப் பொருள் விவாதத்துக்கு வந்தது. அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று மன்றம் ஒதுக்கிவிட்டது. வருமானத்தை விட்டுக்கொடுக்க மத்திய அரசுக்கும் மனமில்லை, மாநிலங்களுக்கும் மனமில்லை என்பதே இதன் பொருள்.

கடலில் மூன்று படிகள்

கடலில் ஓடும் கலங்களை எரிபொருள் வரி விஷயத்தில் மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

முதல் படியில் இருப்பவை வெளிநாடு செல்லும் பெருங்கப்பல்கள். இவை சிங்கப்பூரில் மலிவு என்றால் அங்கே நிரப்பும், கொழும்பில் மலிவு என்றால் அங்கே நிரப்பும். நமது 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டமும், வெளிநாடு செல்லும் கப்பலில் உள்ள எரிபொருளைக் கப்பலின் உபயோகப் பொருளாகக் கருதி, அந்தக் கப்பலிலேயே செலவாகும் வரை தீர்வை கேட்பதில்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய இதே வழக்கம்தான்.

இரண்டாம் படி மீன்பிடி படகுகள். இவற்றுக்கு அரசுகள் விற்பனை வரியை மட்டும் விட்டுக்கொடுக்கின்றன, அதுவும் அளவு வைத்து. தமிழ்நாட்டில் விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று இருந்ததை 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 லிட்டராகவும் உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கர்நாடகம் மாநிலம் முழுமைக்குமாக ஆண்டுக்கு 1.5 லட்சம் கிலோலிட்டர் என்று இருந்த அளவை 2023 ஜூலை பட்ஜெட்டில் 2 லட்சம் கிலோலிட்டராக்கியது.

மூன்றாம் படி உல்லாசப் படகுகள். பணம் உள்ளவர்கள் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் கலங்கள். இவற்றுக்குச் சலுகை வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் மேல்நாடுகளில் பெரிய வழக்கே நடந்தது.

ஐரோப்பாவில் நடந்த சிவப்பு டீசல் வழக்கு

நம் ஊர் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் கலந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மலிவாகக் கொடுத்த சரக்கு வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கும் அடையாளம் அது. பிரிட்டனில் இதேபோல் தீர்வை குறைத்த டீசலுக்குச் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். டிராக்டருக்கும் மீன்பிடி படகுக்கும் கொடுத்த இந்தச் சிவப்பு டீசலை உல்லாசப் படகுக்காரர்களும் வெகுகாலம் வாங்கி வந்தார்கள்.

2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் எரிபொருள் வரிக்கு ஒரு பொது விதி செய்தது. கடலில் ஓடும் வர்த்தகக் கலங்களுக்கும் மீன்பிடி படகுகளுக்கும் வரிவிலக்கு உண்டு, தனியார் உல்லாசப் படகுக்கு விலக்கு இல்லை என்பது அதன் சாரம். பிரிட்டன், அயர்லாந்து, பெல்ஜியம் போன்ற சில நாடுகளுக்கு 2006 இறுதி வரை அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் முடிந்த பின்பு பிரிட்டன் ஒரு தந்திரம் செய்தது. சிவப்பு டீசலையே விற்பது, ஆனால் படகை ஓட்டும் பங்குக்கு முழுத் தீர்வையும், படகுக்குள் வெந்நீருக்கும் கதகதப்புக்கும் ஆகும் பங்குக்குக் குறைந்த தீர்வையும் வசூலிப்பது என்று 2008 நவம்பரில் ஏற்பாடாயிற்று. வழக்கமாக 60-க்கு 40 என்று பிரித்துக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் முழுத் தீர்வை லிட்டருக்கு 52.95 பென்ஸ், குறைந்த தீர்வை 10.18 பென்ஸ் என்று இருந்தது. இதைப் பார்த்தால் அந்த 40 சதவீதத்தின் ருசி விளங்கும்.

சிக்கல் எல்லையைத் தாண்டும்போது வந்தது. இந்தப் படகுகள் கால்வாயைக் கடந்து பெல்ஜியத் துறைமுகங்களுக்குப் போனால், அங்குள்ள சுங்க அதிகாரிகள் தொட்டியைச் சோதித்துச் சிவப்பைக் கண்டு அபராதம் போட்டதுண்டு. 'எங்கள் நாட்டில் தீர்வை கட்டித்தான் வாங்கினோம், இதோ ரசீது' என்று படகுக்காரர் சொல்லலாம். ஆனால் அந்த ஊர் அதிகாரி சாயத்தைத்தான் பார்க்கிறார். 2018 அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. சாயம் கலந்த டீசலை உல்லாசப் படகுகளுக்கு விற்க அனுமதித்தது தவறு என்றது. அயர்லாந்து 2020 ஜனவரி முதல் அதை நிறுத்தியது. ஒன்றியத்திலிருந்து விலகிவிட்ட பிரிட்டனோ, வட அயர்லாந்தில் மட்டும் 2021இல் தடை விதித்து, மற்றப் பகுதிகளில் முழுத் தீர்வையுடன் பழைய வழக்கத்தை விட்டுவைத்தது.

ஒரே நாட்டுக்குள் ஒரு கரையில் அனுமதி, மறுகரையில் தடை. அத்திப்பள்ளியில் நிரப்பிய வேனை ஓசூரில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை, தொட்டியில் இருப்பது வரி கட்டிய சரக்கு என்பதால். அடையாளம் போட்ட சலுகைச் சரக்கு என்றால் எல்லைக்கு எல்லை கேள்வி பிறக்கிறது.

எது உல்லாசம், எது தொழில் என்பதிலும் தகராறு உண்டு. ஜெர்மனியில் இறந்தவர்களின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் கம்பெனி ஒன்று, தன் படகுக்கும் வரிவிலக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டது. பிழைப்புக்காகக் கடலில் ஓடும் படகு எதுவானாலும் அது தொழில்தான் என்று 2004 ஏப்ரல் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்ன சுமக்கிறது என்பதை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. பிழைப்பா, பொழுதுபோக்கா என்பதே அதன் அளவுகோல்.

நம் நாட்டிலும் படகை வாங்கும்போது இந்தப் பாகுபாடு தெரிகிறது. மீன்பிடி கலத்துக்குச் சரக்கு-சேவை வரி 5 சதவீதம் என்று வைத்தவர்கள், உல்லாசப் படகுக்கு 28 சதவீதமும் மேல்வரியும் வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம் ஆயிற்று.

சலுகை எங்கே நிற்கிறது?

உழைக்கும் படகுக்குச் சலுகை என்ற கொள்கை நியாயமானது. கேள்வி, படகுக்குக் கொடுத்த சலுகை படகில் உழைப்பவனுக்கு வருகிறதா என்பதுதான்.

2025 ஏப்ரல் விலையில் கர்நாடக டீசலில் மாநில வரி மட்டும் லிட்டருக்குச் சுமார் 16 ரூபாய். தமிழ்நாட்டு விகிதப்படி கணக்கிட்டால் 17, 18 ரூபாய் வருகிறது. 19,000 லிட்டருக்குப் பெருக்கிப் பார்த்தால் படகு ஒன்றுக்கு ஆண்டில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். சிறிய தொகை அல்ல.

பல துறைகளில் கூலி பங்கு முறையில் நடக்கிறது. மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகு மீதியைத்தான் முதலாளியும் ஆட்களும் பிரித்துக்கொள்கிறார்கள். ஆகவே டீசல் விலை என்று கணக்கில் எழுதும் தொகை, வலை இழுப்பவனின் பங்கிலிருந்தும் போகிறது. சலுகை இரண்டு வழியில் வரலாம். பங்க்கிலேயே வரியைக் கழித்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பது ஒன்று. முழு விலை கொடுத்து வாங்கி, வரித் தொகை பின்னால் படகு உரிமையாளரின் பாங்குக் கணக்குக்குத் திரும்புவது மற்றொன்று. முதல் வழியில் குறைந்த விலை பில்லிலேயே தெரியும். இரண்டாவது வழியில், கடல் போய் வந்த அன்றைய கணக்கில் முழு விலை கழிந்துவிடும். மாதங்கள் கழித்துப் பணம் திரும்பும்போது, ஆள் வேறு படகுக்குப் போயிருப்பான், அல்லது ஜூன், ஜூலைத் தடைக்காலத்தில் ஊருக்கே போயிருப்பான். திரும்பி வந்த தொகையில் அவன் பங்கு என்ன என்று கேட்க ஒரு சீட்டும் அவன் கையில் இருக்காது.

எல்லைக்கோடும் இங்கே குறுக்கே நிற்கிறது. ஒரு மாநிலம் தன் வரியை மட்டும்தான் விட்டுக்கொடுக்க முடியும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி ஆழ்கடல் படகுகள் வெகுகாலமாகக் கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்கின்றன. தமிழ்நாட்டுப் பதிவுக்கான சலுகை டீசல் தமிழ்நாட்டு பங்க்கில்தான். கொச்சியில் நிரப்பினால் கேரள வரியோடுதான் நிரப்ப வேண்டும். கடல் ஒன்று, மீன் ஒன்று, மாநிலம் இரண்டு.

செய்யக்கூடியவை

டீசலைச் சரக்கு-சேவை வரிக்குள் கொண்டுவந்து நாடு முழுதும் ஒரே விகிதம் ஆக்குவது பெரிய காரியம். அது வரும்போது வரட்டும். அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை இரண்டு உண்டு.

முதலாவது, சலுகையைத் திருப்பித் தருவதாக வைக்காமல் பங்க்கிலேயே கழித்துக் கொடுப்பதும், அந்தப் பில்லைப் பங்குக் கணக்கோடு சேர்த்து ஆட்களுக்குக் காட்டுவதைப் பதிவுக்கு ஒரு நிபந்தனையாக்குவதும். இதற்கு அரசுக்கு ஒரு காசு கூடுதல் செலவு இல்லை. இரண்டாவது, அண்டை மாநிலத் துறையில் நிரப்பும் படகுக்கு, இரு மாநில மீன்வளத் துறைகளும் தங்களுக்குள் கணக்கு வைத்துக்கொண்டு சலுகையைத் தொடர்வது. லாரிக்கு நாடு முழுதும் ஒரே பர்மிட் கொடுக்க முடிந்தவர்களுக்குப் படகுக்கு இது முடியாத காரியமல்ல.

படகில் வேலை செய்யும் தமிழர்களும் ஒன்று செய்யலாம். சீசன் தொடங்கும்போது கூலி பேசுவதோடு, டீசல் எந்த விலைக்குக் கணக்கில் வரும் என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தடவையும் லிட்டரையும் விலையையும் நோட்டில் குறித்து வைத்தால் போதும். அரசு வரியை விட்டுக்கொடுப்பது மீனவன் பெயரால். அந்தப் பெயருக்குரியவன் கணக்கைக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.