கல்விக் களம்: முதுமாணிக்கு இரண்டு வழிகள்

பேராதனையிலோ கட்டுப்பெத்தையிலோ மின்பொறியியல் படித்தவர்கள் பலர் இங்கே தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்கின்றனர். மேற்படிப்பை நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் மின், கணினிப் பொறியியற் பிரிவில் முதுமாணிப் படிப்பு இருவகை. எம்.ஏ.எஸ்சி. ஆய்வு வழி. சில பாடங்களுடன் ஆய்வேடும் எழுதவேண்டும். வழிநடத்த ஒரு பேராசிரியர் சம்மதிக்கவேண்டும். முழுநேர மாணவருக்கு உதவிப்பணம் உண்டு. எம்.எங். பாட வழி. ஆய்வேடு இல்லை, பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஆனால் கட்டணம் எங்கள் கையிலிருந்தே போகும்.

குடும்பப் பொறுப்பால் வேலையை விடமுடியாதவர்களுக்கு இரண்டாவதே தோது. வகுப்புகள் பகலிலும் நடக்கும். நேரசூசியைப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஒன்ராறியோவில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. ஏற்புக் கடிதத்தின் பிரதியை மறவாமல் இணையுங்கள். ஓசாப் கடனுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

சைகை, தொடர்பாடல், கட்டுப்பாட்டுப் பாடங்களுக்குத் தாயக் கணிதமும் நிகழ்தகவும் அத்திவாரம். பழைய கொப்பிகள் ஊரோடு போயிருந்தால் பொது நூலகத்தில் புத்தகம் இரவல் எடுத்து, வகுப்புத் தொடங்குமுன் மீட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: முதுமாணிப் பட்டம் தொழில் உரிமம் ஆகாது. இங்கு பொறியியலாளர் என்று சொல்லித் தொழில் செய்ய, பி.ஈ.ஓ. அமைப்பின் உரிமம் தனியாகப் பெறவேண்டும். அதுபற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.